களாப்பழச் சாறும் சர்க்கரைக் கணக்கும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு வேலியோரம் நிற்கும் களாச்செடியின் காய்கள் இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கும், பிறகு கன்னங்கறுப்புக்கும் மாறத் தொடங்கும். கடலூர் கேப்பர் மலையின் செம்மண் சரிவில் குடியிருக்கும் எங்களுக்கு இந்தச் செடி புதிதல்ல; ஆனாலும் இங்கே களா என்றால் எல்லாருக்கும் ஊறுகாய்தான் நினைவுக்கு வருகிறது. காயாகப் பறித்து, கீறி, மிளகாய்த்தூளும் நல்லெண்ணெயும் சேர்த்து ஜாடியில் போட்டுவிட்டால் அதோடு வேலை முடிந்தது. செடியிலேயே தங்கிப் பழுத்தவை குயிலுக்கும் கொண்டைக்குருவிக்கும் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாக அந்தப் பழத்தைச் சாறெடுத்துக் குடித்து வருகிறோம். குடித்துப் பார்த்துவிட்டுச் செய்முறை கேட்ட உறவினர்களுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் அவர்களுக்கும் வசதி, எனக்கும் வசதி.

செய்முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு புளிப்புப் பழத்தில் செய்த பானம் உடம்புக்கு நல்லதா இல்லையா என்பது, அந்தப் புளிப்பைப் பொறுக்க முடியாமல் நாம் அதில் எவ்வளவு சர்க்கரையைக் கொட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது என்பதே என் கட்சி. ஆகவே சாறு எடுக்கும் முறையைச் சொல்வதோடு, சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே புளிப்பை நாக்குக்கு இணங்கவைக்கும் வழிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். களா, அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அரளியும் நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் அதே குடும்பத்தில் வருபவை. இந்தக் குடும்பத்தில் நச்சுச் செடிகள் அதிகம் என்பதால், வெள்ளைப் பால் வடியும் செடியில் கறுப்பாகப் பழம் தொங்குகிறது என்பதற்காக மட்டும் எதையும் பறித்து வாயில் போட்டுவிடக் கூடாது. களாவின் அடையாளம் அதன் முள். எதிரெதிராக அமைந்த, தடித்த, பளபளப்பான இலைகளின் கணுவில் இரண்டாகக் கவைத்து நிற்கும் விறைப்பான முள்ளைப் பார்த்துவிட்டால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பூவும் வெள்ளையாக, மல்லிகையை நினைவூட்டும் மணத்தோடு இருக்கும். தோட்டங்களில் வேலிக்காக வளர்ப்பது பழம் சற்றுப் பெரிதான இனம். புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடைப்பட்ட செம்மண் காடுகளிலும், ஆரோவில் பக்கத்துப் புதர்களிலும் தானாக வளர்ந்து கிடக்கும் சிறுகளாவின் பழம் சுண்டுவிரல் நுனி அளவுகூட இருக்காது. அதிலும் சாறு எடுக்கலாம் என்றாலும், ஒரு கிலோ சேர்ப்பதற்குள் கை முழுவதும் கீறலாகிவிடும். காட்டில் இருப்பதைப் பறவைகளுக்கே விட்டுவிடுவது நியாயம்.

தண்ணீரில்லாமல் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும் செடி இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் களா மட்டும் சில கிளைகளை இழந்து, அடுத்த கோடையிலேயே துளிர்த்துக் காய்த்தது. சேர மன்னன் ஒருவன் களங்காய்க் கண்ணி சூடியதால் களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் என்றே பெயர்பெற்றான். அந்த முள்ளுக்கு நடுவே காயைப் பறித்துத் தொடுத்துக் கொடுத்தவர் யாரோ, அவருக்கும் ஒரு பரிசில் கிடைத்திருக்க வேண்டும்.

இந்தப் பழத்தை நாம் வேறு பெயரில் நிறையத் தின்றிருக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் பேக்கரி கேக்கின் உச்சியிலும் பன்னுக்குள்ளும் இருக்கும் சிவப்புச் செர்ரி பெரும்பாலும் செர்ரியே அல்ல. களாக்காயின் விதையை எடுத்துவிட்டு, நிறத்தை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றியது. இயற்கையிலேயே இவ்வளவு நிறம் உள்ள ஒரு பழத்தைக் காயிலேயே பறித்துச் சாயம் ஏற்றுவதைப் பற்றி எனக்குக் கோபம்கூட வருவதில்லை, வியப்புத்தான்.

சாற்றுக்குக் காய் ஆகாது, பழம்தான் வேண்டும். வெளிறிய பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த காயில் புளிப்போடு துவர்ப்பும் பாலும் அதிகம். முழுக்கக் கறுத்து, அழுத்தினால் விரலுக்கு இணங்கும் பழத்தில் பால் குறைந்து, இனிப்பும் ஓரளவு ஏறியிருக்கும். அப்போதும் அது புளிப்புப் பழம்தான். சொந்தச் செடி இல்லாத ஆண்டுகளில் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கும் ஓர் ஆயாவிடம் வாங்கியிருக்கிறேன். அவர் எப்போதும் காயைத்தான் முன்னால் தள்ளுவார்.

"பழத்த வாங்கினு போயி இன்னா பண்ணப் போற கண்ணு? ஊறுகாய்க்கு நல்லா காயா எடுத்துக்கோ."

"ஜூஸ் போடப் போறேன் ஆயா."

"ஜூஸா? அதுக்குப் போடுற சக்கரைக்கே நீ தனியா சம்பாதிக்கணும்!"

அந்த ஒரு வாக்கியத்தில் ஆயா மொத்தச் சிக்கலையும் சொல்லிவிட்டார். கடைகளில் கிடைக்கும் பழச் சர்பத்துகளின் கணக்கைப் பார்த்தால் அது விளங்கும். சர்பத் என்று விற்கப்படும் பழப்பாகில் குறைந்தது 25 விழுக்காடு பழச்சாறும், 65 விழுக்காடு கரைந்த திடப்பொருளும் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள தரம். அந்தத் திடப்பொருளில் ஏறத்தாழ எல்லாமே சர்க்கரைதான். அப்படிப்பட்ட பாகை 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி ஊற்றித் தண்ணீர் கலந்தால், அந்த ஒரு டம்ளரிலேயே சுமார் 25 கிராம் சர்க்கரை வந்துவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தனியாகச் சேர்க்கும் சர்க்கரையையும், தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையையும் ஒன்றாகக் கணக்கிட்டு, அது நாளொன்றுக்கான மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது. நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு அந்த 5 விழுக்காடு என்பது 25 கிராம். காலைக் காபி, மாலைத் தேநீர், இடையில் இரண்டு பிஸ்கட் எதையும் கணக்கில் சேர்க்காமலேயே, 'உடம்புக்கு நல்லது' என்று ஊற்றிக்கொடுத்த ஒரு டம்ளர் சர்பத் நாளின் பங்கு முழுவதையும் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

பாகில் அவ்வளவு சர்க்கரை இருப்பது சுவைக்காக மட்டும் அல்ல. பழச்சாற்றை வெளியில் வைத்தால் கெடாமல் காப்பதும் சர்க்கரைதான். அவ்வளவு அடர்த்தியான பாகில் நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய நீர் எட்டாமல் போய்விடுகிறது. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் அது தேவையாக இருந்தது. இன்று வீட்டில் உறைநிலைப் பெட்டி இருக்கும்போது, காவல்காக்கும் வேலையைக் குளிருக்குக் கொடுத்துவிட்டு, இனிப்பைக் குடிக்கும்போது மட்டும் டம்ளரில் சேர்த்துக்கொள்ளலாம். இனிச் சொல்லப்போகும் முறை முழுவதும் இந்த ஒரு மாற்றத்தின் மேல் நிற்பது.

பறிப்பதற்குப் பனி உலர்ந்த காலை நேரம் நல்லது. கையை விட்டுத் துழாவாமல், செடிக்கடியில் பழைய புடவையை விரித்து, கிளைகளை நீளமான குச்சியால் மெல்லத் தட்டினால் நன்றாகப் பழுத்தவை தாமாக உதிரும். உதிராதவை இன்னும் ஓரிரு நாள் செடியில் இருக்கட்டும். உதிர்ந்தவற்றில் கீறலும் புழுவும் உள்ளவற்றைக் கழித்துவிட்டு, காம்பைக் கிள்ளும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். களாப் பால் விரலில் காய்ந்துவிட்டால் சோப்புக்கு அசையாது, எண்ணெய்க்குத்தான் மசியும். பிறகு பழங்களை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுவைத்தால் காம்படியில் மிஞ்சியிருக்கும் பால் திரிந்து மேலே மிதக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும்.

ஒரு கிலோ பழத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டையும் சேர்த்து, மூடி, சிறுதீயில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட வேண்டாம். ஓரங்களில் சிறு குமிழிகள் எழும் சூட்டிலேயே பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் தோல் வெடித்து, தண்ணீர் கருஞ்சிவப்பாகிவிடும். குக்கரில் போட்டு விசில் விடுவது சுலபம்தான். ஆனால் பழத்துக்கு நிறம் கொடுக்கும் ஆந்தோசயனின் என்னும் நிறமி மிகுந்த சூட்டையும் நீண்ட கொதியையும் தாங்காது, சிவப்பு மங்கிப் பழுப்பேறிவிடும். வெந்த பழத்தைக் கீரை மத்தால் மசிக்க வேண்டும். மிக்சியில் அடித்தால் விதை உடைந்து சாற்றில் கசப்பு இறங்குவதோடு, மிச்சமிருக்கும் பால் பிளேடில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுக்கும் வேலை, சாறு எடுக்கும் வேலையைவிடப் பெரிது.

மசித்ததை, ஏற்கெனவே துவைத்துக் கொதிநீரில் அலசிவைத்த வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றி, முடிச்சுப் போட்டு, குழாயிலோ கொக்கியிலோ தொங்கவிட்டு, தானாக வடியவிட வேண்டும். அழுத்திப் பிழிந்தால் சாறு கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் சதையும் சேர்ந்து வந்து கலங்கிவிடும். எனக்கு அந்தக் கலங்கல் பிடிக்கும். என் கணவருக்குத் தெளிந்த சாறுதான் வேண்டும். ஆகவே முதலில் வடிவதைத் தனியாகவும் பிழிந்ததைத் தனியாகவும் எடுத்துவைக்கிறேன். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் சாறு கிடைக்கும்.

இந்த இடத்தில் களாவின் இன்னொரு குணத்தைச் சொல்ல வேண்டும். இதில் பெக்டின் அதிகம். பெக்டினும் புளிப்பும் சர்க்கரையும் ஒன்றுசேர்ந்து கொதித்தால் ஜெல்லியாக இறுகிவிடும். களா ஜெல்லிக்குப் பெயர்போனது அதனால்தான். சாற்றோடு சர்க்கரையைப் போட்டுக் காய்ச்சுகிறவர்கள், பாட்டிலைக் கவிழ்த்தாலும் இறங்காத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பதற்குக் காரணமும் அதுவே. சர்க்கரை சேர்க்காமல் எடுக்கும் சாற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஃபிரிட்ஜில் சற்றே கெட்டியானாலும் கலக்கியவுடன் இளகிவிடும்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்வளவு புளிப்புள்ள சாற்றை அலுமினியத்திலோ இரும்பிலோ ஈயம் பூசாத பித்தளையிலோ காய்ச்சக் கூடாது; புளிப்பு உலோகத்தைக் கரைத்து உணவில் கலந்துவிடும். இரும்பு பட்டால் நிறமும் கறுத்து மங்கிப்போகும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் இவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இந்த நிறமி எவ்வளவு கூர்மையாக மாறக்கூடியது என்பதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. சாறு வடித்த துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள்: கருஞ்சிவப்பாக இருந்த கறை கண்ணெதிரே ஊதாவாகி, நீலமாகி, ஓரங்களில் பச்சையும் அடிக்கும். அதே துணியில் எலுமிச்சம்பழச் சாற்றை ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் மட்டும் மறுபடி சிவக்கும். புளிப்பில் சிவப்பு, காரத்தில் நீலம் என்பதே அதன் இயல்பு. கடலோரத்துப் போர்த் தண்ணீரின் காரத்தன்மைகூடச் சாற்றின் நிறத்தைச் சற்று மந்தமாக்குவதைக் கவனித்திருக்கிறேன். குடிதண்ணீரில் கலந்தால் அதே சாறு மாணிக்கச் சிவப்பாக நிற்கிறது.

ஆறிய சாற்றை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைநிலைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டு கட்டிகள் ஒரு டம்ளருக்குப் போதும். உறையவைக்காத சாற்றை, கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் உலர்த்திய கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மூடியைத் திறக்கும்போது காற்று சீறினாலோ, மேலே நுரை கட்டியிருந்தாலோ, சாறு நொதிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஆடி மாதத்து மின்வெட்டில் கட்டிகள் உருகிவிட்டால் மறுபடி உறையவைக்காமல் அன்றைக்கே பயன்படுத்திக்கொள்ளலாம். கடைச்சரக்கைப் போல வெளியில் வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்த வேண்டும் என்பவர்கள் பதப்படுத்தும் உப்பு ஏதாவது சேர்க்கலாமா என்று கேட்பார்கள். ஸ்குவாஷ்களில் பரவலாகச் சேர்க்கப்படும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் ஆந்தோசயனின் நிறத்தை வெளுக்கவைத்துவிடும் என்பதால், நாவல், களா போன்ற நிறமுள்ள சாறுகளுக்கு சோடியம் பென்சோயேட்டைத்தான் தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிறார்கள். வீட்டுத் தேவைக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் எண்ணம். உறைநிலைப் பெட்டியில் கொள்ளும் அளவுக்குச் செய்தால் போதும்.

இனி டம்ளருக்கு வருவோம். 200 மில்லி தண்ணீருக்கு 40 முதல் 50 மில்லி சாறு, இரண்டு சிறு கரண்டி அளவில் சுமார் 10 கிராம் சர்க்கரை, விரல்நுனியில் ஒட்டும் அளவு உப்பு. இதுவே எங்கள் வீட்டு அளவு. சர்பத்தில் 25 கிராம் கேட்கும் புளிப்பு, இங்கே 10 கிராமில் எப்படி அடங்குகிறது என்று கேட்டால், அதற்கு மூன்று நான்கு காரணங்கள் உண்டு. உப்பு அதில் முதன்மையானது. சிறிதளவு உப்பு, சாற்றின் கசப்பையும் துவர்ப்பின் கூர்மையையும் அடக்கி, இருக்கிற இனிப்பை முன்னால் கொண்டுவருகிறது. எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் சேர்த்துக் குடித்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வண்ணமுள்ள பழச்சாறு என்றதும் உப்பை மறந்துவிடுகிறோம்.

அடுத்தது குளிர்ச்சி. மிகவும் சில்லென்றிருக்கும் பானத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும்; ஐஸ் மிதக்கும் பானத்துக்குச் சர்க்கரை கூடுதலாகத் தேவைப்படுவது அதனால்தான். அதே பானத்தை மண்பானைத் தண்ணீரில் கலந்தால், குறைந்த சர்க்கரையிலேயே இனிப்பு நிறைவாகத் தெரிகிறது. உறைந்த கட்டிகளைத் தண்ணீரில் போட்டவுடன் குடிக்காமல், முழுக்கக் கரைந்து சில்லிப்பு சற்றுத் தணிந்த பிறகு சர்க்கரையைச் சேர்த்து ருசி பார்த்தால், கை தானாகக் குறைவாகப் போடும்.

மூன்றாவது வழியை நரசிம்மர் கோயில் பானகத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். சுக்கும் ஏலமும் சேர்ந்த பானகத்தில் புளிப்பும் இனிப்பும் நேருக்கு நேர் மோதிக்கொள்வதில்லை. நடுவே சுக்கின் காரம் புகுந்து இரண்டையும் பிரித்துவைக்கிறது. களாச் சாற்றிலும் ஒரு சிட்டிகை சுக்குப்பொடி அதே வேலையைச் செய்கிறது. ஏலம் வேண்டுமானால் ஒரே ஒரு காய்; அதற்கு மேல் போனால் பாயசத்தின் மணம் வந்துவிடும். ஊறவைத்த சப்ஜா விதை ஒரு கரண்டி சேர்த்தால் பானம் வழவழப்பாகி, புளிப்பு பல்லில் ஏறுவது குறைகிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்க அது ஏற்றது. நன்னாரியோடு கலந்து பார்க்கச் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. நன்னாரியின் மணம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது, களா இருந்த இடம் தெரிவதில்லை. மாறாக, கோலி சோடாவில் கலக்கினால் அமர்க்களம். சாதாரண சோடாவாக இருக்க வேண்டும், பன்னீர் சோடாவில் ஏற்கெனவே சர்க்கரை உண்டு.

சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ கருப்பட்டியோ போட்டால் ஆரோக்கியம் என்று நம்புகிறவர்களிடம் நான் வாதிடுவதில்லை, ஆனால் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இரண்டும் பெரும்பகுதி சர்க்கரையே, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அவற்றால் தனிச் சலுகை எதுவும் கிடைப்பதில்லை. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு ஆலைக்குப் போய் வெள்ளைச் சர்க்கரையாக வந்தாலும், கொப்பரையில் காய்ந்து வெல்லமாக வந்தாலும், டம்ளரில் விழும் அளவே கணக்கு. சுவையளவில் சொன்னால் வெல்லம் சாற்றைக் கலங்கவைத்து நிறத்தைக் கெடுக்கிறது. பனங்கற்கண்டு நிறத்தை அவ்வளவாகக் கெடுக்காமல் நல்ல மணம் தருகிறது; விலைதான் கையைக் கடிக்கிறது.

பழத்தின் சத்துகளைப் பற்றி வாட்ஸப்பில் சுற்றிவரும் செய்திகளில் களாவை இரும்புச்சத்துக் களஞ்சியம் என்று எழுதியிருப்பார்கள். அவற்றில் உலர்ந்த பழத்துக்கான எண்ணைப் புதுப் பழத்தின் எண்ணாகச் சொல்லிவிடுவதுண்டு. நீர் வற்றிய எந்தப் பழத்திலும் எடைக்கு எடை சத்து பன்மடங்காகத்தான் தெரியும். வேகவைத்து வடித்து, நான்கு மடங்கு தண்ணீர் கலந்து குடிக்கும் சாற்றை நம்பி யாரும் இரத்தசோகைக்கான மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வைட்டமின் சியும் அப்படித்தான்: சூட்டில் ஒரு பகுதி அழிந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் நாளொன்றுக்கு ஆணுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வைட்டமின் சி தேவை என்கிறது. அதை எட்டுவதற்கு நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கிறது. களாச் சாற்றில் கிடைப்பவை நிறமியும் பழத்தின் புளிப்பும், குறைந்த சர்க்கரையில் ஒரு நல்ல தாகசாந்தியும்தான். கத்திரி வெயிலின் சூடு தணியாத ஆனி மாதத்தில் ஒரு பானத்திடம் இதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை.

வைட்டமின் சிதான் நோக்கம் என்றால் சூடு காட்டாத பழத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் தங்கை வீட்டில் மேற்கிந்தியச் செர்ரிச் செடி ஒன்று நிற்கிறது. சிவந்து பழுத்த அந்தச் சிறுபழத்தில் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டி வைட்டமின் சி இருப்பது சாதாரணம். ஆனால் பறித்த சில மணி நேரத்திலேயே வாடத் தொடங்கிவிடும் என்பதால் அது சந்தைக்கு வருவதே அரிது, வீட்டுத் தோட்டத்துக்கென்றே அமைந்த பழம். அதைக் கையால் பிசைந்து வடித்த சாற்றையோ, அரைத்துப் பிழிந்த நெல்லிச் சாற்றையோ ஒரு கரண்டி களாப் பானத்தில் விட்டுக்கொள்ளலாம். இதில் ஒரு கவனம் தேவை: வைட்டமின் சியும் ஆந்தோசயனினும் ஒரே பாட்டிலில் நாள்கணக்கில் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று சிதைக்கும், நிறம் வெளிறிவிடும். ஆகவே குடிக்கும் நேரத்தில் டம்ளரில் மட்டும் கலக்க வேண்டும்.

வயிற்றுப் புண்ணும் நெஞ்செரிச்சலும் உள்ளவர்களுக்கு இந்தப் பானம் ஒத்துக்கொள்ளாது. எங்கள் அத்தைக்கு ஒரு வாய்கூடக் கொடுப்பதில்லை. மற்றவர்களும் வெறும் வயிற்றில் குடிக்காமல், சாப்பாட்டுக்குப் பிறகு அல்லது மாலையில் குடிப்பது நல்லது. நாள் முழுக்கச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டிருந்தால் புளிப்பு பல்லின் எனாமலை அரித்துக்கொண்டே இருக்கும். குடித்து முடித்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, பல் துலக்குவதானால் அரை மணி நேரம் பொறுத்துத் துலக்க வேண்டும். புளிப்பில் இளகிய எனாமலை உடனே தேய்த்தால் தேய்மானம் கூடும்.

துணியில் மிஞ்சும் சக்கையை வீணாக்க வேண்டியதில்லை. சல்லடையில் தேய்த்து விதையையும் தோலையும் ஒதுக்கினால் கிடைக்கும் விழுதில் உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம் சேர்த்து நல்லெண்ணெயில் சுருளக் கிண்டினால் தயிர்சாதத்துக்கு ஏற்ற தொக்கு ஆகிவிடும். ஒதுக்கிய விதையைத் தோட்டத்தில் ஊன்றுவதில் பயனில்லை, அது வெந்துபோன விதை. செடி வேண்டும் என்பவர்கள் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே நன்றாகப் பழுத்த பழங்களில் சிலவற்றைப் பிளந்து விதையெடுத்து, கழுவி, முளைப்புத் திறன் குறைவதற்குள் ஓரிரு நாளில் செம்மண்ணும் மணலும் கலந்த பையில் ஊன்றிவிட வேண்டும். மழைக்காலத்துக்குள் கன்று தேறிவிடும்; வேலியோரம் நடும்போது நடைபாதையை விட்டு நன்றாகத் தள்ளி நடுங்கள்.